காட்டில் எது எங்கே வாழ்கிறது, எதனால்? முதன்முறை களத்தில் இறங்குவோருக்கு ஒரு வழிகாட்டி

ஒரு காட்டில் 60 வகைப் பறவைகள். பக்கத்திலேயே, பாதி வெட்டப்பட்ட இன்னொரு காட்டிலும் 60 வகை. வெட்டியதால் ஒன்றும் கெட்டுப்போகவில்லை என்று சொல்லிவிடலாமா? இரண்டு பெயர்ப் பட்டியல்களையும் அருகருகே வைத்துப் பார்த்தால்தான் விஷயம் வெளியே வரும். இருண்ட காட்டுத் தரையில் சருகைக் கிளறிப் பூச்சி தின்னும் பறவைகள் இரண்டாவது பட்டியலில் இருக்காது. வெட்டவெளி, தோப்பு, சாலையோரம் என்று எங்கும் பிழைத்துக்கொள்ளும் பறவைகள் அந்த இடத்தை நிரப்பியிருக்கும். மாறாதது கூட்டுத்தொகை மட்டும்தான்.

காட்டுயிர்க் கணக்கெடுப்புக்குப் புதிதாக வருகிறவர்கள் பெரும்பாலும் "எத்தனை வகை?" என்ற கேள்வியோடுதான் வருகிறார்கள். "எவை, எங்கே, எதனால்?" என்று கேட்கப் பழக வேண்டும். பதில் இரண்டு திசைகளிலிருந்து வரும். ஒன்று இயற்கையானது: மலையில் ஏற ஏற, ஓடையைவிட்டு விலக விலக, மழை குறையக் குறையச் சூழல் சிறிது சிறிதாக மாறுகிறது. இதைச் சூழல் படிமாற்றம் என்று வைத்துக்கொள்வோம். மற்றொன்று வாழிட மாற்றம்: வெட்டுவது, எரிப்பது, துண்டாக்குவது, தோட்டமாக்குவது. சிக்கல் என்னவென்றால் இவ்விரண்டும் தனித்தனியாக வருவதில்லை. மனிதர்கள் முதலில் திருத்துவது தாழ்வான, சமதளமான, மண்வளமுள்ள நிலத்தை. எட்டாத உச்சியில்தான் காடு மிஞ்சும். ஆகவே "மேலே போகப் போக அரிய உயிரினங்கள் கூடுகின்றன" என்று நீங்கள் காண்பது உயரத்தின் விளைவாகவும் இருக்கலாம், கீழே கோடரி விழுந்ததன் விளைவாகவும் இருக்கலாம். இந்த முடிச்சை அவிழ்க்கும் விதமாக வேலையைத் திட்டமிடுவதுதான் கீழே உள்ள படிகளின் நோக்கம்.

முதல் படி: கேள்வியைச் சுருக்குங்கள்

"இந்தக் காட்டின் உயிர்ப்பன்மையை ஆராயப் போகிறேன்" என்பது கேள்வியே அல்ல. "விளிம்பிலிருந்து உள்ளே போகப் போகச் சாணவண்டுகளின் வகைகள் எப்படி மாறுகின்றன?" என்பது கேள்வி. ஓர் உயிரினக் குழு, ஒரு படிமாற்றம், ஒரு வகை வாழிட மாற்றம். தொடக்கத்துக்கு இது போதும்.

எந்தக் குழுவை எடுப்பது? பறவைகளைக் குரலால் அறிய முடிந்தால் பறவைகள். காது பழகவில்லையென்றால் சாணவண்டு, பட்டாம்பூச்சி, தவளை என்று போகலாம். சாணவண்டுகளை எனக்குக் கொஞ்சம் கூடுதலாகவே பிடிக்கும். தரையில் புதைத்த கிண்ணமான குழிப்பொறியில் எளிதாகச் சிக்கும்; மரநிழல் குறைந்தாலும் பாலூட்டிகள் குறைந்தாலும் உடனே காட்டிக்கொடுத்துவிடும். புலி, யானை போன்ற பெரிய விலங்குகள் கவர்ச்சியானவை என்றாலும் முதல் ஆய்வுக்கு உகந்தவை அல்ல. ஒரே விலங்கு பல கிலோமீட்டர் நடப்பதால், படிமாற்றத்தின் எந்தப் புள்ளிக்கு அதைச் சேர்ப்பது என்பதே குழப்பமாகிவிடும்.

குழு எதுவானாலும், வனத்துறையிடமோ நிலத்தின் உரிமையாளரிடமோ எழுத்துமூலம் அனுமதி வாங்கிவிடுங்கள். பொறி வைப்பதற்கும் உயிரினத்தைக் கையாள்வதற்கும் பெரும்பாலான நாடுகளில் தனி அனுமதி வேண்டும்.

இரண்டாம் படி: உயரம் என்பது காரணம் அல்ல

1802-இல் அலெக்சாண்டர் ஃபான் ஹம்போல்ட், ஏமே போன்ப்லானோடு ஈக்வடாரின் சிம்போராசோ மலையில் ஏறினார். எந்த உயரத்தில் எந்தச் செடி வளர்கிறது என்பதை மலையின் குறுக்குவெட்டிலேயே எழுதிக் காட்டிய அவருடைய படம் 1807-இல் வெளிவந்தது. காடுகளைப் படிமாற்றமாகப் பார்க்கும் பழக்கத்துக்கு அந்தப் படம் ஒரு பெரிய தொடக்கம். ஆனால் ஓர் உயிரினத்துக்கு மீட்டர் கணக்கு தெரியாது. அது உணர்வது வெப்பம், ஈரம், மூடுபனி, உணவு ஆகியவற்றைத்தான். உயரம் இவை எல்லாவற்றுக்கும் நாம் வைக்கும் சுருக்கக் குறி.

எனவே உயரத்தோடு என்னென்ன மாறுகிறது என்று பிரித்து எழுதிக்கொள்ளுங்கள். வெப்பநிலை சராசரியாக 1,000 மீட்டருக்கு 6.5 டிகிரி செல்சியஸ் குறைகிறது. ஈரக்காற்றில் இந்த இறக்கம் குறைவு. மழை இப்படி ஒழுங்காக மாறுவதில்லை. பல மலைகளில் நடுச்சரிவில் மேகம் மோதும் பட்டையில்தான் ஈரம் அதிகம், அதற்கு மேலே மீண்டும் வறட்சி. மலை மேலே குறுகுவதால் வாழும் பரப்பும் பொதுவாகச் சுருங்குகிறது. வட அரைக்கோளத்தில் தெற்கு நோக்கிய சரிவு வடக்கு நோக்கியதைவிட அதிக வெயில் வாங்கும். அதனால் ஒரே உயரத்தில் இரண்டு வகைக் காடுகள் இருக்கலாம்.

இந்தக் காரணிகள் ஒவ்வொரு குழுவையும் ஒவ்வொரு விதமாக இழுக்கின்றன. ஊர்வனவற்றுக்கு வெயில் வேண்டும்; அவற்றின் வகைகள் பெரும்பாலும் மேலே போகப் போகக் குறையும். பல்லி போன்ற உருவமும் ஈரத்தோலும் கொண்ட சாலமாண்டர்கள் (தவளையின் உறவினங்கள்) பல மலைகளில் நடு உயரத்தில்தான் செழிக்கின்றன. பறக்காத சிறு பாலூட்டிகளுக்கும் நடு உயர உச்சம் அடிக்கடி காணப்படுகிறது. பறவைகளிலோ ஒரே விதி என்று எதுவும் இல்லை. உலகெங்கும் உள்ள மலைகளை ஒப்பிட்டபோது நான்கு வடிவங்கள் கிட்டத்தட்டச் சம அளவில் கிடைத்தன: தொடர்ந்து குறைவது, அடிவாரத்தில் சமமாக இருந்து பிறகு குறைவது, அப்படிச் சமமாகப் போய் நடுவில் சற்றுக் கூடிப் பிறகு குறைவது, நடுவில் மட்டும் தெளிவாக உச்சம் தொடுவது. ஆகவே "நடுவில்தான் அதிகம் இருக்கும்" என்று முன்கூட்டியே எழுதிவைத்துக்கொண்டு மலையேறாதீர்கள்.

படிமாற்றம் சுவராகவும் நிற்கும். வெப்பமண்டலத்தில் ஆண்டு முழுவதும் வெப்பநிலை அதிகம் மாறாததால், அங்குள்ள உயிரினங்கள் குறுகிய வெப்ப எல்லைக்குள் பழகிவிடுகின்றன. அவற்றுக்கு ஒரு சூடான பள்ளத்தாக்கைக் கடப்பது, குளிர்நாட்டு உயிரினங்களைவிடக் கடினமாக இருக்கும் என்று சூழலியலாளர் டேனியல் ஜான்சென் 1967-இல் வாதிட்டார். மேற்குத் தொடர்ச்சி மலையில் இதை நினைவூட்டும் ஓர் அமைப்பு இருக்கிறது. உயரமான சோலைக்காடுகளின் தரையில் திரியும் சிறிய நீலப் பறவைகளில் ஓர் இனம் பாலக்காட்டுக் கணவாய்க்கு வடக்கே, அதன் நெருங்கிய உறவினம் தெற்கே. நடுவே இருப்பது சுமார் 30, 40 கிலோமீட்டர் அகலத் தாழ்நிலம், அவ்வளவுதான். இப்படிப்பட்ட மலைகளில் வடக்கில் அழிந்த காட்டைத் தெற்கில் மிஞ்சியது ஈடுசெய்யாது.

மலையே இல்லாத இடத்திலும் படிமாற்றம் உண்டு. ஓடைக்கரையிலிருந்து மேட்டுக்கு, களிமண்ணிலிருந்து மணலுக்கு, காட்டுத் தரையிலிருந்து விதானத்துக்கு (மரவுச்சிகள் சேர்ந்த கூரைக்கு). கடைசியாகச் சொன்னதைப் புதியவர்கள் மறந்துவிடுகிறார்கள். நாற்பது மீட்டர் மரத்தின் அடிக்கும் நுனிக்கும் இடையே வெளிச்சமும் ஈரமும் வாழும் உயிர்களும் முற்றிலும் மாறிப்போகும்.

மூன்றாம் படி: காட்டின் கடந்த காலத்தைத் தோண்டுங்கள்

இன்று பச்சையாகத் தெரிவதெல்லாம் பழைய காடு அல்ல. லேண்ட்சாட் செயற்கைக்கோள் படங்கள் 1972-இலிருந்து இருக்கின்றன. 2008 முதல் இலவசம். உங்கள் இடத்தின் படங்களைப் பத்தாண்டு இடைவெளியில் அடுக்கிப் பாருங்கள். பிறகு அங்கே நீண்ட காலம் வாழ்பவர்களிடம் கேளுங்கள். எந்த ஆண்டு தீ வந்தது, எந்தச் சரிவில் மரம் இறக்கினார்கள் என்பது படத்தைவிட அவர்களுக்குத் துல்லியமாகத் தெரிந்திருக்கும்.

களத்திலும் தடயங்கள் கிடக்கும். ஒரே வயது, ஒரே பருமனில் நிற்கும் மரங்கள், பழைய அடிக்கட்டைகள், கொடிகள் சுற்றிய திறந்த விதானம், வெளிச்சம் கண்டால் முதலில் முளைக்கும் மரங்களின் கூட்டம். தென்கிழக்கு ஆசியாவில் மகரங்கா, தென் அமெரிக்காவில் செக்ரோப்பியா அப்படிப்பட்டவை.

வாழிட மாற்றம் எல்லாவற்றையும் "கெட்ட காடு" என்று ஒரே பெட்டியில் போடாதீர்கள். போர்னியோவின் சபா பகுதியில் இரண்டு முறை மரம் வெட்டப்பட்ட காட்டில்கூட, வெட்டாத காட்டில் இருந்த பறவை, சாணவண்டு இனங்களில் 75 சதவீதத்துக்கு மேல் இருந்தன. எண்ணெய்ப் பனைத் தோட்டங்களைப் பற்றிய ஆய்வுகளைத் தொகுத்தபோதோ, இயற்கைக் காட்டு இனங்களில் சராசரியாக 15 சதவீதம்தான் அங்கே கிடைத்தன. மேலிருந்து பார்த்தால் இரண்டும் பச்சை. எனவே குறிப்பேட்டில் "பாதிக்கப்பட்டது" என்று எழுதாமல், தேர்ந்தெடுத்து வெட்டியது, தீப்பட்டது, தோட்டம், துண்டுக்காடு (சுற்றிலும் வெட்டப்பட்டுத் தனித்து நிற்பது), மறுவளர்ச்சி (எத்தனை ஆண்டு) என்று எழுதுங்கள். மரங்கள் எல்லாம் நின்றும், வேட்டையால் விலங்குகள் ஒழிந்த காடும் உண்டு. அதைச் செயற்கைக்கோள் காட்டாது.

நான்காம் படி: விளிம்பையும் துண்டையும் புரிந்துகொள்ளுங்கள்

இங்கே சற்று நிதானிக்க வேண்டும். உலகில் மிஞ்சியிருக்கும் காட்டுப்பரப்பில் சுமார் 70 சதவீதம் ஏதோ ஒரு விளிம்பிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள்தான் இருக்கிறது. நீங்கள் போகும் காடும் பெரும்பாலும் அப்படிப்பட்டதாகத்தான் இருக்கும்.

துண்டாக்கம் என்ன செய்கிறது என்பதைப் பற்றி நமக்குத் தெரிந்ததில் பெரும்பகுதி பிரேசிலின் மனாவுஸ் நகருக்கு வடக்கே தாமஸ் லவ்ஜாய் 1979-இல் தொடங்கிய பரிசோதனையிலிருந்து வந்தது. மேய்ச்சலுக்காகக் காடழிக்க இருந்த இடங்களில் 1, 10, 100 ஹெக்டேர் துண்டுகளை விட்டுவைக்கச் செய்து, வெட்டுவதற்கு முன்னும் பின்னும் உயிரினங்களைக் கணக்கெடுத்தார்கள். முன்னும் பின்னும் என்பதுதான் இதன் பலம். பெரும்பாலான ஆய்வுகளுக்கு 'முன்' கிடைப்பதில்லை.

அங்கே முதலில் கண்டது விசித்திரமானது. சுற்றியுள்ள காடு வெட்டப்பட்டவுடன், துண்டுகளில் வலையில் சிக்கிய கீழடுக்குப் பறவைகளின் (பெரிய மரங்களின் கீழே, தரையருகே வாழ்பவை) எண்ணிக்கை கூடியது. வீடிழந்தவை உள்ளே ஒதுங்கியிருந்தன. அந்த நேரத்தில் மட்டும் ஒருவர் கணக்கெடுத்திருந்தால் துண்டுக்காடு செழிப்பானது என்று எழுதியிருப்பார். பிறகு எண்ணிக்கை சரிந்தது. 100 ஹெக்டேர் துண்டுகளே 15 ஆண்டுகளுக்குள் கீழடுக்குப் பறவை இனங்களில் பாதியை இழக்கும் வேகத்தில் இருந்தன. படையெறும்புகளின் பின்னாலேயே போய், அவை கிளப்பும் பூச்சிகளைப் பிடித்துத் தின்னும் பறவைகள் முதலில் மறைந்தவற்றில் அடக்கம். எறும்புக் கூட்டத்துக்கே பல ஹெக்டேர் வேண்டும். பறவைக்கோ அப்படிப் பல கூட்டங்கள் வேண்டும்.

விளிம்பில் காற்றும் வெயிலும் நுழைந்து மண்ணை உலர்த்தின. விளிம்பிலிருந்து 100 மீட்டர் வரை பெரிய மரங்கள் வழக்கத்தைவிட அதிகமாகச் செத்தன. இதைக் கணக்கோடு பாருங்கள். பத்து ஹெக்டேர் சதுரத் துண்டின் பக்கம் சுமார் 316 மீட்டர். நான்கு பக்கமும் 100 மீட்டர் உள்ளே தள்ளினால் மிஞ்சுவது 116 மீட்டர் பக்கமுள்ள சதுரம், அதாவது ஒன்றரை ஹெக்டேருக்கும் குறைவு. காகிதத்தில் பத்து ஹெக்டேராக இருப்பதில் 'உள்காடு' அவ்வளவுதான்.

துண்டைச் சுற்றி என்ன இருக்கிறது என்பதும் முக்கியம். மனாவுஸில் மேய்ச்சல் கைவிடப்பட்டு மறுவளர்ச்சிக் காடு எழுந்த பக்கங்களில், போன பறவைகள் சில திரும்பி வந்தன. எரித்து மேய்த்த பக்கங்களில் இது மந்தமாகவே இருந்தது.

எண்ணிக்கை கூடுவதே கேடாக இருக்கும் நிலையும் உண்டு. வெனிசுவேலாவில் குரி அணையின் நீர் சூழ்ந்து மலைமுகடுகள் தீவுகளாயின. பெரிய வேட்டை விலங்குகள் இல்லாத சிறு தீவுகளில் இலைவெட்டி எறும்பு, ஊளைக்குரங்கு, இக்வானா போன்ற தாவர உண்ணிகள் பெருநிலத்தைவிட 10 முதல் 100 மடங்கு அடர்த்தியாகப் பெருகின. விளைவு, மரக்கன்றுகள் தலைதூக்கவே முடியவில்லை.

ஐந்தாம் படி: இடங்களைக் குறுக்கும் நெடுக்குமாகத் தேர்ந்தெடுங்கள்

தொடக்கத்தில் சொன்ன முடிச்சு அவிழ்வது இங்கேதான். அடிவாரத்தில் தோட்டம், உச்சியில் பழைய காடு என்று இரண்டை மட்டும் ஒப்பிட்டால் எதுவும் தெரியாது. ஒவ்வொரு உயரப் பட்டையிலும் பழைய காடும் மாறிய காடும் இருக்கும்படி தேடுங்கள். 400, 800, 1,200 மீட்டர் என்று மூன்று பட்டைகள் என்றால், ஒவ்வொன்றிலும் இரு வகையும் தலா மூன்று இடங்களாவது வேண்டும். அடிவாரத்தில் பழைய காடு ஒரு திட்டுகூட மிஞ்சவில்லை என்றால், உங்கள் படிமாற்றத்தின் கீழ்முனை காணாமல் போய்விட்டது என்று பொருள். அதை மறைக்காமல் எழுதி, ஒப்பீட்டை மேல் பட்டைகளோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

ஒரே துண்டுக்காட்டுக்குள் பத்துப் புள்ளிகள் வைத்துவிட்டுப் பத்து இடங்கள் பார்த்ததாகக் கணக்குக் காட்டக் கூடாது. அது ஓர் இடம்தான். பறவைகளுக்குப் புள்ளிகளிடையே 200 மீட்டருக்குக் குறையாத இடைவெளி வையுங்கள். இல்லாவிட்டால் ஒரே குரலை இரண்டு முறை எண்ணுவீர்கள். நடக்க வசதியான பாதையோரமாகவே புள்ளிகளை வைப்பதும் தவறு. பாதையும் ஒரு விளிம்புதான்.

ஆறாம் படி: சூழலை அளந்து வையுங்கள்

ஒவ்வொரு புள்ளியிலும் உயரம், சரிவின் திசை, விளிம்பிலிருந்து தூரம், விதான மூடல், தரையிலிருந்து 1.3 மீட்டர் உயரத்தில் மரங்களின் பருமன், சருகின் ஆழம். வெப்பநிலையும் ஈரப்பதமும் பதிவு செய்யும் சிறு கருவிகள் கிடைத்தால் நிழலில் கட்டிவிடுங்கள். வானிலை நிலையத்தின் எண் காட்டுத் தரையின் எண் ஆகாது. அளவிட இருபது காரணிகளை எடுத்துக்கொண்டு திணறுவதைவிட, ஆறை ஒழுங்காக அளப்பது மேல்.

ஏழாம் படி: காணவில்லை என்பதும் இல்லை என்பதும் வேறு வேறு

ஒரு பறவை ஓரிடத்தில் வாழ்கிறது. ஒரு முறை போனால் அதைக் காணும் வாய்ப்பு 40 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். மூன்று முறை போயும் தவறவிடும் வாய்ப்பு 0.6 × 0.6 × 0.6, அதாவது சுமார் 22 சதவீதம். ஐந்து முறை போனால் அது 8 சதவீதமாக இறங்கும். எனவே ஒவ்வொரு புள்ளிக்கும் பலமுறை போங்கள், காணாத நாளையும் எழுதுங்கள்.

இதில் ஒரு சிக்கல் உண்டு. அடர்காட்டில் கண் எட்டும் தூரம் குறைவு, திறந்த காட்டில் அதிகம். அதே உழைப்புக்குத் திறந்த காட்டில் அதிகம் பார்ப்பீர்கள். ஒவ்வொன்றும் எத்தனை மீட்டர் தொலைவில் இருந்தது, பார்த்ததா கேட்டதா என்று குறித்தால்தான் பிறகு இதைச் சரிக்கட்ட முடியும். நேரம், மழை, காற்று ஆகியவையும் பதிவாக வேண்டும். காலையில் எப்போதும் ஒரே புள்ளியிலிருந்து தொடங்காமல் வரிசையை மாற்றிக்கொண்டே இருங்கள்.

எட்டாம் படி: எண்களைப் படியுங்கள், பிறகு பெயர்களை

முதலில், கண்டது எத்தனை, தப்பியது எத்தனை என்ற மதிப்பீடு. புள்ளியியலாளர் ஆனி சாவோ தந்த எளிய வழி ஒன்று இருக்கிறது. ஒரே ஒரு முறை பதிவான இனங்களின் எண்ணிக்கையை வர்க்கமாக்கி, இரண்டு முறை பதிவான இனங்களின் எண்ணிக்கையின் இரு மடங்கால் வகுத்து, கண்ட மொத்தத்தோடு கூட்டுங்கள். 40 இனங்கள் கண்டு, அவற்றில் 12 ஒருமுறையும் 6 இருமுறையும் பதிவாகியிருந்தால், 144-ஐ 12-ஆல் வகுக்க 12. ஆக, அங்கே குறைந்தது 52 இனங்கள் இருக்கலாம்.

அடுத்து, இடத்துக்கு இடம் மாறும் அளவு. சூழலியலாளர் ராபர்ட் விட்டேக்கர் 1960-இல் உயிர்ப்பன்மையை மூன்றாகப் பிரித்தார்: ஓரிடத்தில் உள்ளது ஆல்ஃபா, இடங்களுக்கிடையே மாறுவது பீட்டா, நிலப்பரப்பு முழுவதும் சேர்ந்தது காமா. படிமாற்றத்தின் சேதி பெரும்பாலும் பீட்டாவில்தான் ஒளிந்திருக்கும். இரண்டு இடங்களில் தலா 30 இனங்கள், பொதுவானவை 10 என்றால், மொத்தம் 50-இல் 10, ஒற்றுமை 0.2.

இப்போது அந்த வேறுபாடு எப்படிப்பட்டது என்று பாருங்கள். கீழிருந்து மேலே போகும்போது ஓர் இனம் விலகி வேறோர் இனம் வந்தால் அது இடமாற்றம். பெரிய காட்டின் பட்டியலிலிருந்து சில பெயர்களை அடித்துவிட்டதுபோல் சிறு துண்டின் பட்டியல் இருந்தால் அது உதிர்வு. முதலாவதில் எல்லா உயரத்தையும் காக்க வேண்டும். இரண்டாவதில் பெரிய காட்டைக் காப்பது முதல் வேலை. காப்புத் திட்டமே இதனால் மாறும் என்பதால் இந்த ஒரு கணக்கைத் தவிர்க்காதீர்கள்.

மாறிய காடுகளில் இன்னொன்றும் நடக்கும். ஒவ்வொரு இடத்திலும் எண்ணிக்கை குறையாமல், எல்லா இடங்களும் ஒரே மாதிரி ஆகிவிடும். எந்த உயரத்திலும் பிழைக்கும் இனங்கள் எல்லாப் பட்டையிலும் பரவி, பீட்டா சரியும். இதைப் பிடிக்கப் பெயர்ப் பட்டியலில் ஒவ்வொரு இனத்துக்கும் எதிரே காட்டை மட்டும் நம்பியதா, எங்கும் வாழ்வதா, எந்த உயர எல்லைக்குள் வாழ்வது என்று குறித்து, தனித்தனியே கூட்டிப் பாருங்கள்.

ஒன்பதாம் படி: நேரத்தையும் கணக்கில் எடுங்கள்

காடு துண்டான மறுநாளே உயிரினங்கள் மறைவதில்லை. இழப்பு பின்னால் வருகிறது. டேவிட் டில்மனும் சகாக்களும் 1994-இல் இதை 'அழிவுக் கடன்' என்று விளக்கினார்கள். தாய்லாந்தில் 1987 வாக்கில் நிரம்பிய சியூ லான் நீர்த்தேக்கத்தின் தீவுகளில் அந்தக் கடன் அடைபட்ட வேகம் பதிவாகியிருக்கிறது. பத்து ஹெக்டேருக்குக் குறைந்த தீவுகளில் ஐந்தாண்டுக்குள்ளும், 10 முதல் 56 ஹெக்டேர் தீவுகளில் 25 ஆண்டுக்குள்ளும் காட்டுக்குரிய சிறு பாலூட்டிகள் ஏறக்குறைய முழுவதும் மறைந்தன. வெளியிலிருந்து வந்த ஒரு வயல் எலி தீவுகளைப் பிடித்துக்கொண்டது. எனவே ஒரு துண்டுக்காட்டின் பட்டியலை எழுதும்போது அது துண்டாகி எத்தனை ஆண்டு என்பதையும் கட்டாயம் எழுதுங்கள்.

படிமாற்றமும் நின்ற இடத்தில் நிற்பதில்லை. போர்னியோவின் கினபாலு மலையில் 1965-இல் அந்துப்பூச்சிகளைக் கணக்கெடுத்த அதே இடங்களில் 2007-இல் மீண்டும் பார்த்தபோது, அவை சராசரியாக 67 மீட்டர் மேலே நகர்ந்திருந்தன. பெருவின் பாந்தியாகொல்லா மலைமுகட்டில் 1985-இலும் 2017-இலும் எடுத்த கணக்குகளை ஒப்பிட்டால், முன்பு உச்சியில் சாதாரணமாக இருந்த பறவைகளில் சில காணவே இல்லை. மேலே ஏற இடம் தீர்ந்துவிட்டது. நடுச்சரிவில் காடு அறுந்திருந்தால் கீழுள்ளவை ஏறுவதற்கும் வழியிருக்காது.

இத்தகைய மறு கணக்கெடுப்புகள் சாத்தியமானது, முதலில் போனவர்கள் இடத்தையும் முறையையும் சரியாக எழுதிவைத்ததால். நீங்களும் ஒவ்வொரு புள்ளியின் ஜிபிஎஸ் குறியீடு, தேதி, தொடங்கிய நேரம், நின்ற நிமிடங்கள், பொறிகளின் எண்ணிக்கை, கணக்கெடுத்தவர் யார் என்பதை மூலத்தாளிலேயே பதியுங்கள். தாளைப் படமெடுத்து இரண்டு இடங்களில் வையுங்கள். பொதுவெளியில் தரும்போது, வேட்டைக்கும் கடத்தலுக்கும் உள்ளாகும் இனங்களின் துல்லியமான இடத்தை மட்டும் சில கிலோமீட்டர் அளவுக்கு மங்கலாக்கிவிட்டு, முழுக் குறியீட்டை வனத்துறையிடமோ ஆய்வு நிறுவனத்திடமோ ஒப்படையுங்கள்.